வேலையிடத்து ரசாயனங்களும் உடம்பும்: கேள்வி பதில்

கேள்வி: கார்களுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கிறேன். சில மாதங்களாக ராத்திரியில் இருமலும் மூச்சிரைப்பும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பரவாயில்லை. பெயின்ட்தான் காரணமா?

பதில்: லீவு நாளில் குறைகிறது என்றீர்களே, அதைத்தான் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும். ஹார்டனர் (பெயின்டைக் கெட்டியாக்கச் சேர்க்கும் திரவம்) கலந்து அடிக்கும் பெயின்ட் என்றால் அதில் ஐசோசயனேட் இருக்க வாய்ப்பு அதிகம். ஆஸ்துமாவைக் கொண்டுவருவதில் பேர்போன ரசாயனம் அது. பல மணி நேரம் கழித்து, வீட்டில் படுத்திருக்கும்போதுகூட மூச்சு இறுக்கும். அதனால் பலருக்கு வேலைமேல் சந்தேகமே வருவதில்லை. ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால், அப்புறம் பக்கத்தில் யாராவது அடித்தாலே போதும், இரைப்பு வந்துவிடும். தள்ளிப்போடாதீர்கள். மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சின்னக் கருவியில் வேலை நாள், லீவு நாள் இரண்டிலும் தினமும் நாலு தடவையாவது ஊதி, வரும் எண்ணை நேரத்தோடு எழுதுங்கள். மூன்று நான்கு வாரம் எழுதியதையும், ஹார்டனர் டப்பாவின் லேபிளைப் படம் எடுத்ததையும் நுரையீரல் மருத்துவரிடம் காட்டுங்கள். இரைப்பு அதிகமானால் அத்தனை வாரம் காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள்.

கேள்வி: அதே வேலைதான் எனக்கும். துணி மாஸ்க் போதுமா?

பதில்: போதவே போதாது. துணி ஆவியைத் தடுக்காது. ஐசோசயனேட்டை வாடையை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் ஃபில்டர் வைத்த மாஸ்க் போட்டாலும், ஃபில்டர் தீர்ந்துபோனது உங்களுக்குத் தெரியாது. குழாய் வழியாக வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகக்கவசம்தான் சரி. அதை வாங்கித் தருவது முதலாளியின் கடமை, கேட்கத் தயங்காதீர்கள்.

கேள்வி: என் கணவர் பழைய பேட்டரி உடைக்கும் வேலை செய்கிறார். வயிற்றுவலி, மலச்சிக்கல். பால் குடித்தால் ஈயம் போய்விடுமாமே?

பதில்: போகாதும்மா. ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள். எலும்பில் சேரும் ஈயம் பல ஆண்டுகள் அங்கேயே தங்கிவிடும். வீட்டில் குழந்தை இருந்தால் அதற்கும் பரிசோதனை தேவை. ஈயத்தூசி அப்பாவின் சட்டையோடு வீட்டுக்கு வந்துவிடும், குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். குளித்து, உடை மாற்றிவிட்டுத்தான் அவர் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். வேலை உடுப்பை வீட்டுத் துணிகளோடு துவைக்காதீர்கள்.

கேள்வி: செருப்புக்குப் பசை ஒட்டினேன். கால்விரல் மரத்துப்போனதால் வேலையை விட்டேன். விட்ட பிறகும் கூடுகிறதே?

பதில்: பசையில் ஹெக்சேன் என்ற, நரம்பைக் கெடுக்கும் கரைப்பான் இருந்திருந்தால் அப்படித்தான் ஆகும். விட்ட பிறகும் சில மாதம் கூடி, அப்புறம்தான் மெல்லக் குறையும். வேலையை விட்டது சரியான முடிவு. நரம்பு மருத்துவரைப் பார்த்து, பசையைப் பற்றிச் சொல்லுங்கள்.

கேள்வி: சாய ஆலையை விட்டு 20 வருடம் ஆகிறது. இனி பயமில்லைதானே?

பதில்: சாயத் தயாரிப்பில் புழங்கிய அமீன் என்ற வகை ரசாயனங்களில் சில பல பத்தாண்டுகள் கழித்தும் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வரவைக்கும். சிறுநீரில் ரத்தம் தெரிந்தால், வலி இல்லாவிட்டாலும், அன்றைக்கே மருத்துவரிடம் போய்ப் பழைய வேலையைச் சொல்லுங்கள்.