ஆதாம் விழுந்ததற்கு ஏவாள்தான் காரணம் என்று வேதம் சொல்கிறதா?

"பாவம் உலகத்தில் நுழைந்ததே பெண்ணால்தான் என்று வீட்டில் சொல்கிறார்கள். வேதத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை வாசித்ததும், நீங்கள் திருமணமான பெண் என்றும், அண்மையில் ஏதோ ஒரு வீட்டு விவகாரத்தில் இந்த வசனத்தைக் காட்டி உங்கள் வாயை அடைத்திருக்கிறார்கள் என்றும் எனக்குத் தோன்றியது. ஊகம் தவறானால் மன்னியுங்கள். எனக்கு அப்படி நடந்ததால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அப்படி எழுதியிருக்கவில்லை என்பதே என் பதில். அவள் முதலில் புசித்தாள் என்று எழுதியிருக்கிறது. பழி அவளுக்கு மட்டும் என்று ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தில் எங்கும் இல்லை. அந்த அதிகாரத்தில் அவளைக் கைகாட்டிப் பேசும் ஒரே குரல் ஆதாமுடையது.

என் கணவர் பதினான்கு ஆண்டுகள் பார்த்த வேலையை விட்டு, நண்பர் ஒருவரோடு சேர்ந்து அச்சகம் தொடங்கினார். தொடங்கலாம் என்று முதலில் சொன்னவள் நான். அதை நான் எந்த நாளும் மறைத்ததில்லை. ஆனால் நான்கு மாதம் உட்கார்ந்து கணக்குகளைப் புரட்டிப் பார்த்தவர் அவர். அந்த நண்பரை இருபது ஆண்டுகளாக அறிந்திருந்தவரும் அவர்தான். வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்தபோது இருவரும் கையெழுத்திட்டோம். அவர் பெயர் மேலே, என் பெயர் கீழே. மூன்றாம் ஆண்டு அந்த நண்பர் பணத்தை எடுத்துக்கொண்டு விலகிவிட்டார். அச்சகம் போனது. பிறகு வீடும் போனது.

வாடகை வீட்டுக்குக் குடிவந்த வாரம், உறவினர்கள் கூடி ஜெபக்கூட்டம் வைத்தார்கள். அட்டைப் பெட்டிகளின் கயிற்றைக்கூட அவிழ்த்திருக்கவில்லை. கணவரின் சித்தப்பா வேதத்தைத் திறந்து ஆதியாகமம் 3:17-ஐ வாசித்தார். "நீ உன் மனைவியின் வார்த்தைக்குச் செவிகொடுத்து" என்ற இடத்தில் நிறுத்திக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "இந்தக் குடும்பத்துக்கு வந்த கஷ்டத்தின் வேர் இந்த வசனத்தில் இருக்கிறது" என்றார். என் நாத்தனார், "ஆமென்" என்றார்.

என் கணவர் என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். மடியில் அதே அதிகாரம் திறந்திருந்தது. அவருடைய கட்டைவிரல் அந்த வசனத்தின் மேல் இருந்தது. நகத்தின் ஓரத்தில் அச்சு மை இன்னும் போகாமல் ஒரு கறுப்புக் கோடாக நின்றது. அந்த விரல் வரியோடு மெல்ல நகர்ந்து, முற்றுப்புள்ளியில் வந்து நின்றது. அவர் தலை நிமிரவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கடைசி ஜெபம் வரை இருந்து, எல்லோரும் போனபிறகு நாற்காலிகளை மடக்கி அடுக்கினேன்.

அன்று இரவு அந்த அதிகாரத்தை நான்கு முறை வாசித்தேன். ஞாயிறு பள்ளியில் எத்தனையோ முறை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த கதைதான். ஆனால் வரி வரியாக, இதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்த்தது அதுவே முதல் தடவை.

மனைவியின் வார்த்தைக்குச் செவிகொடுத்தான் என்கிறார்களே, அவள் என்ன வார்த்தை சொன்னாள்? கதையில் ஏவாள் சர்ப்பத்தோடு பேசுகிறாள், பிறகு தேவனுக்குப் பதில் சொல்கிறாள். ஆதாமிடம் அவள் பேசியதாக ஒரு சொல்லும் எழுதப்படவில்லை. "தன் புருஷனுக்கும் கொடுத்தாள், அவனும் புசித்தான்." அவ்வளவுதான். மயக்கினாள், கெஞ்சினாள், வற்புறுத்தினாள் என்பதெல்லாம் பிரசங்கங்கள் சேர்த்தவை. எதையோ கேட்டுத்தான் புசித்தான் என்று 17-ஆம் வசனத்திலிருந்து ஊகிக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் ஊகத்தின் மேல் ஒரு பெண்ணின் தலையில் பழியைக் கட்டக்கூடாது.

மனைவியின் சொல்லைக் கேட்பதே பாவம் என்று அந்த வசனத்தை நீட்டுகிறவர்கள், அதே ஆதியாகமத்தில் 21:12-ஐயும் வாசிக்க வேண்டும். "சாராள் உனக்குச் சொல்வதெல்லாவற்றையும் கேள்" என்று தேவனே ஆபிரகாமுக்குச் சொல்கிறார். அடிமைப்பெண் ஆகாரைத் துரத்தும் அந்தக் கதை எனக்கு மனவேதனை தருகிற கதை; சாராளுக்காக நான் வாதாடவில்லை. கேட்டது குற்றமல்ல, விலக்கப்பட்டதைத் தெரிந்தே புசித்தது குற்றம் என்பதற்காகச் சொல்கிறேன்.

தெரிந்தே என்று ஏன் சொல்கிறேன்? அந்தக் கனியைப் புசிக்கக்கூடாது என்ற கட்டளை 2:16, 17 வசனங்களில் வருகிறது. பெண் உண்டாக்கப்படுவது அதற்குப் பிறகு, 2:22-இல். "நீ புசிக்கும் நாளில் சாகவே சாவாய்" என்று ஒருமையில் சொல்லப்பட்டபோது அவள் இல்லவே இல்லை. கட்டளையைத் தேவனிடமிருந்து நேரே கேட்டவனாகக் கதை காட்டுவது அவனைத்தான். "சர்ப்பத்திடம் பேசும்போது, அதைத் தொடவும் வேண்டாம் என்று அவள் கட்டளையோடு கூட்டிச் சொன்னாள், பார்த்தீர்களா" என்று ஒவ்வொரு பிரசங்கியும் சொல்வார். அவளுக்கு அந்தக் கட்டளையை யார் சொன்னது என்று வேதம் சொல்லவில்லை. ஆதாமே எச்சரிக்கைக்காக அப்படிச் சேர்த்துச் சொன்னான் என்று பழைய யூத விளக்கம் ஒன்று உண்டு.

இனி என்னை உலுக்கிய ஒரு சொல்லைப் பற்றி. சில ஆண்டுகளுக்குப் பிறகு, வேதாகமக் கல்லூரியில் எபிரெயம் கற்பித்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் சபைக்கு வந்துகொண்டிருந்தார். அவரிடம் இந்த அதிகாரத்தைக் கொண்டுபோனேன். 3:6-ஐ எபிரெயத்தில் வாசித்துக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தி, "இது உங்கள் தமிழில் இருக்கிறதா அம்மா?" என்று கேட்டார். இல்லை. பென்சிலை எடுத்து என் வேதத்தின் ஓரத்தில், வலமிருந்து இடமாக, மூன்று எழுத்துகளை எழுதினார். கீழே தமிழில் 'இம்மாஹ்' என்று எழுதினார். 'அவளோடு' என்று பொருள். அவளோடிருந்த புருஷனுக்குக் கொடுத்தாள் என்பதே மூலத்தில் இருப்பது.

நாம் பெரும்பாலும் வாசிக்கும் தமிழ் மொழிபெயர்ப்பில் அந்தச் சொல் விடுபட்டிருக்கிறது. நம்முடையது மட்டுமல்ல. கி.பி. 400-ஐ ஒட்டி ஜெரோம் செய்த லத்தீன் மொழிபெயர்ப்பிலும் இல்லை. 1611-இன் ஆங்கில வேதத்தில் இருந்த அந்தச் சொல், 1952-இல் வந்த திருத்திய பதிப்பில் காணாமல் போய், 1989-இல் அதை மறுபடி திருத்தியபோது திரும்பி வந்தது. சூழ்ச்சி செய்து எடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு சொல் விழுந்ததும் ஆதாம் தோட்டத்தின் வேறொரு மூலைக்குப் போய்விட்டான். ஒன்றும் அறியாமல் நடந்து வந்தவனிடம் அவள் கனியை நீட்டியதாக நம் மனதில் படம் பதிந்துவிட்டது.

'அவளோடு' என்றால் அந்தப் பேச்சு முழுவதும் அருகிலேயே நின்றான் என்றுதான் பொருளா, புசிக்கும்போது மட்டும் இருந்தானா என்று அறிஞர்களிடையே வாதம் உண்டு. இதைச் சொல்லாமல் விட்டால் யாராவது வந்து எனக்குப் பாடம் எடுப்பார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் சர்ப்பம் அவளிடம் பேசும் இடங்களைப் பாருங்கள்: "நீங்கள் சாகவே சாவதில்லை." மூலத்திலும் பன்மை, தமிழிலும் பன்மை. அது மரியாதைப் பன்மை அல்ல. எபிரெயத்தில் அந்த வழக்கம் இல்லை. பேச்சு நடந்த நேரமெல்லாம் அவன் பக்கத்தில் இருந்தான், வாய் திறக்கவில்லை என்றே நான் வாசிக்கிறேன். ஏன் அப்படி வாசிக்கிறேன் என்பது, அந்த ஜெபக்கூட்டத்தில் என் பக்கத்து நாற்காலியைப் பற்றி மேலே எழுதியதிலிருந்து உங்களுக்குப் புரியும்.

அவன் வாய் திறந்தது விசாரணையில்தான். "என்னுடனே இருக்கும்படி தேவரீர் தந்த ஸ்திரீயானவள் அவ்விருட்சத்தின் கனியை எனக்குக் கொடுத்தாள், நான் புசித்தேன்." ஒரே வாக்கியத்தில் மனைவியையும், அவளைத் தந்த தேவனையும் முன்னால் தள்ளிவிட்டுத் தன்னைக் கடைசியில் வைக்கிறான். அவளும் சர்ப்பத்தின் மேல் சொன்னாள், உண்மைதான். ஆனாலும் அவள் தன் பக்கத்தில் நின்ற மனிதனைக் காட்டிக்கொடுக்கவில்லை. "இவனும் கேட்டுக்கொண்டுதான் நின்றான்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

தண்டனையையும் கவனித்து வாசியுங்கள். 'சபிக்கப்பட்ட' என்ற சொல் சர்ப்பத்துக்கும் நிலத்துக்கும் மட்டும் வருகிறது. பெண்ணுக்கும் வரவில்லை, ஆணுக்கும் வரவில்லை. அவளுக்குச் சொன்ன 'வேதனை'யும், அவனுக்குச் சொன்ன 'வருத்த'மும் எபிரெயத்தில் ஒரே சொல். நம் தமிழில் இரண்டாகப் பிரிந்து, அவள் பாடு ஏதோ தனிச் சாபம் போலவும் அவன் பாடு வெறும் உழைப்பு போலவும் ஒலிக்கிறது. 1847-இல் மருத்துவர் ஜேம்ஸ் சிம்சன் பிரசவ வலிக்குக் குளோரோஃபார்ம் கொடுக்கத் தொடங்கியபோது, இந்த வசனத்தை வைத்து எழுந்த ஆட்சேபங்களுக்குப் பதிலாக அதே ஆண்டில் அவர் ஒரு சிறுநூலே எழுத வேண்டியிருந்தது. நிலத்தின் முள்ளையும் குருக்கையும் களையக் கருவி செய்த எவரும் அப்படி வேதத்திலிருந்து பதில் சொல்ல வேண்டியிருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

பவுலைக் கொண்டுவருவார்கள் என்று தெரியும். ஆதாம் வஞ்சிக்கப்படவில்லை, ஸ்திரீயானவளே வஞ்சிக்கப்பட்டாள் என்று 1 தீமோத்தேயு 2:14 சொல்கிறது. அந்த வசனம் இருக்கிறது, நான் கிழித்துப் போடவில்லை. அதே வேதத்தில் ரோமர் 5:12 "ஒரே மனுஷனாலே" பாவம் உலகத்தில் பிரவேசித்தது என்கிறது. அந்த அதிகாரத்தில் ஆதாமின் பெயர் வருகிறது, ஏவாளின் பெயர் வரவில்லை. வஞ்சிக்கப்படாதவன் புசித்தான் என்றால் என்ன பொருள் என்றும் யோசியுங்கள். ஏமாந்தவளைவிடத் தெரிந்தே செய்தவன் எப்படிக் குறைந்த குற்றவாளி ஆவான்? கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் பெண்களைப் பார்த்து, நீயே பிசாசின் வாசல் என்று எழுதினார். அப்படி எழுத அவருக்கு ஆதியாகமம் போதவில்லை, சொந்தக் கோபமும் தேவைப்பட்டது என்பது என் எண்ணம். மைக்கலாஞ்சலோ சிஸ்டைன் தேவாலயக் கூரையில் தீட்டிய படத்தில் ஆதாமும் தானே மரத்தை நோக்கிக் கையை நீட்டுகிறான். அதைப் பார்த்து மகிழலாம் என்றால், அங்கே சர்ப்பத்துக்குப் பெண்ணுடல் கொடுத்துவிட்டார்.

இந்த இடத்தில் என்னால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் சபை நூற்றாண்டு மலர் வெளியிட்டபோது, ஞாயிறு பள்ளியைப் பற்றி இரண்டு பக்கம் போட்டார்கள். கண்காணிப்பாளர்களாக இருந்த ஒன்பது ஆண்களின் புகைப்படங்கள், பெயர், பதவிக்காலம். இருபத்திரண்டு ஆண்டுகள் ஒவ்வொரு ஞாயிறும் பிள்ளைகளோடு உட்கார்ந்த எனக்கும், எனக்கு முன்பும் பின்பும் உட்கார்ந்தவர்களுக்கும் சேர்த்து ஒரே வரி: "மற்றும் சகோதரிகள் பலர்." அச்சுப் படி சரிபார்க்க வந்தது என்னிடம்தான். அந்த வரியில் எழுத்துப் பிழை இல்லை என்று பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன். அன்று கேட்டிருக்க வேண்டும். உங்கள் கேள்விக்கும் இதற்கும் நேரடித் தொடர்பில்லை என்று தெரியும்.

இதை வாசித்துவிட்டு, விசுவாசத்தை விட்டவள், வேதத்தை வளைக்கிறவள் என்று யாராவது எழுதலாம். நான் இன்றும் தினமும் ஜெபிக்கிறவள். ஏவாள் குற்றமற்றவள் என்று நான் எங்கும் சொல்லவில்லை. அவள் புசித்தாள், அதற்குரிய பங்கை வாங்கிக்கொண்டாள். அவன் பங்கையும் சேர்த்து அவளைச் சுமக்கச் சொல்வதைத்தான் மறுக்கிறேன். இனி யாராவது உங்களிடம் 3:17-ஐ வாசித்தால், கோபப்படாமல், 2:16-இலிருந்து தொடங்கி வாசிக்கும்படி கேளுங்கள். சத்தமாக, ஒரு வசனமும் விடாமல்.

என் கணவரிடம் கடைசியில் நான் கேட்டேன். பென்சில் குறிப்பு இருந்த பக்கத்தைக் காட்டி அந்தச் சொல்லைச் சொன்னேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "அன்றைக்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?" என்றார்.

"நானும் கையெழுத்துப் போட்டேன் என்று."

அவர் பதில் சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து, மாலையில், பக்கத்து அறையில் தன் அக்காவுக்குப் போன் செய்தார். உடல்நலம் விசாரித்தார், பிள்ளைகளை விசாரித்தார். பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அக்கா, அந்த அச்சக விஷயம். அது என் முடிவும்தான். எல்லாக் கணக்கையும் நான்தான் பார்த்தேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்" என்றார். அந்தப் பக்கம் நாத்தனார் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அவர் வெளியே வந்தபோது நான் கேட்கவும் இல்லை.