கை ஓங்காத தலைமை ஆசிரியர்

அன்புள்ள ஐயா,

போன வருடம் பதவி உயர்வில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியையாக வந்தேன். வகுப்பெடுத்துக்கொண்டிருந்தவரை எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. இப்போது எதற்கெடுத்தாலும் ‘மேடம், நீங்க ரொம்ப சாஃப்ட். பிள்ளைங்க தலைமேல ஏறிடுவாங்க’ என்கிறார்கள். எங்கள் பள்ளியில் மூத்த ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவரைப் போலக் கணக்கு நடத்த ஆளில்லை. ஆனால் பிரம்பு இல்லாமல் வகுப்புக்குள் போகமாட்டார். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. கண்டித்தால் அவருக்கு நான் இரக்கமில்லாதவள், விட்டுவிட்டால் பிள்ளைகளுக்கு. நல்ல தலைமை ஆசிரியர்களைப் பற்றி வருவதெல்லாம் மகான்களின் கதையாக இருக்கிறது. நான் மகான் இல்லை. எனக்கும் கோபம் வரும். என்ன செய்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்திலிருந்து ஊர், பள்ளி விவரங்களை நீக்கிவிட்டேன்.

மகான் கதைகள் எனக்கும் அலுத்துவிட்டன. அவற்றில் வரும் ஹெச்.எம். மாறுதலாகிப் போனதும் அந்தப் பள்ளி என்ன ஆனது என்று யாரும் எழுதுவதில்லை. பெரும்பாலும் பழையபடி ஆகியிருக்கும். ஒரு நல்ல மனிதரின் தயவில் நடந்த காரியங்கள் அவரோடு போய்விடும். அதனால் ‘நான் போதுமான அளவு மென்மையானவளா’ என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் மேசைக்கு வரும் காகிதங்களைப் பாருங்கள். ஒரு தலைமை ஆசிரியரின் இரக்கம் முக்கால்வாசி அங்கேதான் தெரியும்.

ஜனவரி மாதம், செங்கல் சூளை வேலைக்கு வந்த குடும்பம் ஒன்று. ஒரு அம்மா தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஹெச்.எம். அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார். ‘டிசி இருக்கா?’ இல்லை. ‘ஆதார்?’ ஊரில் இருக்கிறது. ‘சரிம்மா, வாங்கிட்டு வாங்க, சேத்துக்கலாம்.’ குரலில் கடுமையே இல்லை, உட்காரக்கூடச் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்த அம்மா திரும்பி வரமாட்டார். பஸ் செலவையும் போகும் கூலியையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளையைத் தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சூளையிலேயே விட்டுவிடுவார்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் இதை அப்போதே யோசித்திருக்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்று சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்கிறது 5ஆம் பிரிவு. டிசி தராமல் இழுத்தடிக்கும் தலைமை ஆசிரியர் மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம் என்பதும் அதிலேயே இருக்கிறது. வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என்பது 14ஆம் பிரிவு. இத்தனை இருந்தும் வாசலில் கேட்கப்படும் முதல் கேள்வி ‘டிசி இருக்கா’ என்பதாகவே இருக்கிறது.

நான் பார்த்த ஹெச்.எம். ஒருவர் சரியான சிடுமூஞ்சி. பேச்சும் வெடுக்கென்று இருக்கும். இதே மாதிரி வந்த ஒரு பெண்ணை அட்மிஷன் ரெஜிஸ்டரில் எழுதிக்கொண்டு, பழைய பள்ளியின் பெயரைக் கேட்டு அங்கே அவரே போன் போட்டார். அந்தப் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கவில்லை, தலையைத் தடவவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பி, ‘இன்னிக்கு ஒரு தட்டு கூட’ என்று மட்டும் குரல் கொடுத்தார். அவரை யாரும் கருணை வடிவம் என்று சொல்லமாட்டார்கள். எனக்கு அவர் போதும்.

இனி உங்கள் கோபம். யானுஷ் கோர்ச்சாக்கைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். குழந்தை மருத்துவர், 1912 முதல் வார்சாவில் யூதக் குழந்தைகளுக்கான அனாதை இல்லத்தை நடத்தியவர். பள்ளிக்கூடம் இல்லைதான், ஆனாலும் உங்கள் கேள்விக்கு அவரளவுக்குப் பதில் வைத்திருப்பவர் குறைவு. 1942 ஆகஸ்டில் நாஜிகள் அந்தக் குழந்தைகளை ட்ரெப்லிங்கா வதைமுகாமுக்குக் கொண்டுபோனபோது, தப்பிக்க வழியிருந்தும் அவர் கூடவே போனார். எல்லோரும் இந்த முடிவைத்தான் சொல்கிறார்கள். சொல்ல வேண்டியதுதான். ஆனால் ஒரு தலைமை ஆசிரியருக்கு அதற்கு முந்தைய முப்பது வருடங்கள்தான் பாடம்.

அந்த இல்லத்தில் குழந்தைகளே நடத்தும் நீதிமன்றம் ஒன்று இருந்தது. அந்த வாரம் தங்கள் மேல் வழக்கு இல்லாத பிள்ளைகளிலிருந்து சீட்டுக் குலுக்கி நீதிபதிகளை எடுப்பார்கள். கோர்ச்சாக் எழுதிவைத்த சட்டத்தில் முதல் 99 பிரிவுகளும் மன்னிப்புக்கும் விடுவிப்புக்கும் உரியவை. குற்றம் என்று சொல்லும் பிரிவுகள் 100இல்தான் தொடங்கும். பிள்ளைகள் பெரியவர்கள் மேலும் வழக்குப் போடலாம். கோர்ச்சாக் தன் மேல் தானே போட்டுக்கொண்டார், அரை வருடத்தில் ஐந்து வழக்குகள். ஒரு பையனைக் காதில் அறைந்தது, இன்னொருவனைப் படுக்கையறையிலிருந்து வெளியே தள்ளியது, ஒரு சிறுமியைத் திருட்டுக்காகச் சந்தேகப்பட்டது என்று போகிறது அந்தப் பட்டியல்.

பாருங்கள், அவருக்கும் கோபம் வந்திருக்கிறது, கையும் நீண்டிருக்கிறது. அவர் தன் நல்ல மனதை நம்பிச் சும்மா இருக்கவில்லை. தன்னைத் தட்டிக்கேட்க ஒரு இடத்தைக் கட்டி, சாவியைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார்.

இதை அப்படியே எடுத்து எட்டாம் வகுப்பில் நடத்துங்கள் என்று சொல்லமாட்டேன். நம் ஊரில் ‘பேசுறவங்க பேரை போர்டுல எழுது’ என்று லீடரை நிறுத்திப் பழக்கியிருக்கிறோம். கோர்ச்சாக்கின் நீதிமன்றத்துக்கு நேர் எதிரானது அது. அந்தப் பழக்கத்தை நிறுத்தினாலே நல்ல தொடக்கம். அப்புறம் பிள்ளைகள் குறைகளை எழுதிப் போடும் அந்த ‘மாணவர் மனசு’ பெட்டி. நான் பார்த்த பள்ளிகளில் ஹெச்.எம். அறை வாசலில்தான் மாட்டியிருந்தார்கள். ஹெச்.எம். பார்த்துக்கொண்டிருக்க ஹெச்.எம். மேலேயே எந்தப் பிள்ளை சீட்டு எழுதிப் போடும்? தண்ணீர்க் குழாய்ப் பக்கம் மாற்றுங்கள். திறக்கும்போது பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து ஒரு அம்மா கூட இருக்கட்டும். உங்களைப் பற்றி வரும் சீட்டையும் அவர் முன்னால் படியுங்கள்.

ஆசிரியர்களிடம் காட்டும் இரக்கத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. கேட்டவருக்கெல்லாம் லீவு கொடுக்கும் ஹெச்.எம்.முக்கு ஸ்டாஃப் ரூமில் நல்ல பெயர். அன்று இரண்டு வகுப்பைச் சேர்த்து உட்காரவைத்து மேய்ப்பவர் எப்போதும் அதே ஒருவராக இருப்பார், பெரும்பாலும் எதிர்த்துப் பேசத் தெரியாதவர்.

சரி, கணக்கு சாருக்கு வருகிறேன். அடிப்பதும் மனத்தளவில் வதைப்பதும் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. நன்றாகப் பாடம் நடத்துபவர்களுக்கு விலக்கு என்று அதில் எழுதவில்லை. அதனால் பிரம்பு வெளியே போக வேண்டும், இதில் பேரம் கிடையாது. எப்படிச் சொல்வது என்பதில் மட்டும்தான் உங்கள் இரக்கத்துக்கு இடம். ஸ்டாஃப் மீட்டிங்கில் பொதுவாகச் சொல்வதுபோல் சாடையாகச் சொல்லாதீர்கள். மாலை மணியடித்தபின் உங்கள் அறையில், அவரை உட்காரவைத்து, நேராகச் சொல்லுங்கள். மறுபடி நடந்தால் எழுத்தில் விளக்கம் கேட்பேன் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். பின்னால் மெமோ போகும்போது அது அவருக்கு முதுகில் குத்தியதாகத் தெரியக் கூடாது.

அதற்கு முன்னால் கால அட்டவணையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நன்றாக நடத்துகிறார் என்பதற்காகவே ஆறு, ஏழு, எட்டு எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டியிருப்பார்கள். வாய்ப்பாடே வராத பிள்ளைகளும் அவரிடம்தான் இருப்பார்கள். போர்ஷனை முடிக்கிற அவசரத்தில்தான் பல கைகள் ஓங்குகின்றன. இரண்டு பீரியடைக் குறைக்க முடிந்தால் குறையுங்கள். அவர் வகுப்பின் கடைசி பெஞ்சில் ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள், நோட்டு எடுக்க வேண்டாம்.

பெற்றோரில் சிலர் அவர் பக்கம் நிற்பார்கள். ‘கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்’ என்று சொல்லிப் பிள்ளையை விட்டுப்போகும் அப்பாக்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லும் வேலையைக் கணக்கு சாரிடம் தள்ளாதீர்கள். மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தானே, அடுத்த கூட்டத்தில் நீங்களே எடுத்துப் பேசுங்கள்.

கணக்கு சார் முறுக்கிக்கொள்வார். ‘நான் பாடம் நடத்துறேன், ரிசல்ட்டை மட்டும் என்கிட்ட கேக்காதீங்க’ என்பார். ஒரு பருவம் மதிப்பெண் குறையவும் செய்யலாம். வட்டாரக் கல்வி அலுவலர் வந்து ஏன் குறைந்தது என்று கேட்டால், கணக்கு சாரைக் கூப்பிட்டு நிறுத்தாதீர்கள். நீங்களே பதில் சொல்லிவிட்டு, டீயை அவருக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்.