கல் உடைக்கும் மகளுக்கு முதலில் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள்

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிளஸ் ஒன் படிக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமையானால் காங்கேயம் பக்கத்துக் காடுகளில் வெங்கச்சாங்கல் (குவார்ட்ஸ்) பொறுக்கி வருகிறாள், திண்ணையில் உட்கார்ந்து உளியால் தட்டி உள்ளே இருக்கும் படிகத்தை எடுக்கிறாள், அப்பா அதையெல்லாம் அள்ளிக் கொட்டிவிடச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கொட்ட வேண்டாம். "இவளுக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டிருக்கிறீர்களே, ஒன்றும் ஆகவில்லை. உங்கள் ஊர் மண் அப்படிப்பட்டது. பக்கத்துப் படியூரில் ஒரு காலத்தில் அக்வாமரின் என்ற வெளிர்நீல ரத்தினக்கல்லை வெட்டி எடுத்தார்கள். நொய்யல் கரையில் கொடுமணலில் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே படிகக்கல்லில் மணி செய்திருக்கிறார்கள். மாணிக்கமும் நீலமும் எந்தக் கனிமத்தின் வகைகளோ, கொரண்டம் என்று உலகமே சொல்லும் அந்தக் கனிமத்தின் பெயர்கூட நம் குருந்தம்தான்.

அவளுக்கு இதில் எதிர்காலம் உண்டா என்று தெரிய மதிப்பெண் பட்டியலைப் பார்ப்பதற்கு முன், அவள் ஒரு கல்லை எப்படிக் கையாள்கிறாள் என்று அரை மணி நேரம் பாருங்கள். கிடைத்ததும் ஓங்கி அடிக்கிறாளா, இல்லை திருப்பித் திருப்பிப் பார்த்து விரிசல் எங்கே ஓடுகிறது என்று தேடுகிறாளா? படிகத்தை எடுக்கத் தெரிந்தவர்கள் படிகத்தின் பக்கத்திலேயே போக மாட்டார்கள். நன்றாகத் தள்ளி, பாறையில் உளியை வைத்து, சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி, பாறை தானாகப் பிளக்கும்படி விடுவார்கள். அடி படிகத்தின் மேல் விழாவிட்டாலும் அதன் அதிர்வு உள்ளே போகும். வெங்கச்சாங்கல் ஓரளவு தாங்கும். சந்திரகாந்தக் கல் தாங்காது. அது ஃபெல்ஸ்பார் என்ற கனிம வகை, ஏறக்குறைய செங்கோணத்தில் இரண்டு திசைகளில் சட்டென்று பிளந்துவிடும். கல்லூரியில் படிக்கும்போது அவசரப்பட்டு நான் அப்படி ஒன்றை உடைத்திருக்கிறேன். இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அதைவிட முக்கியமானது, எடுக்காமல் விடத் தெரிவது. தாய்ப்பாறையோடு ஒட்டியிருக்கும் படிகம், அது எப்படி வளர்ந்தது, எந்தக் கனிமம் முதலில் வந்தது, எது பின்னால் வந்தது என்று சொல்லும். தனியாகப் பிடுங்கினால் பளபளப்பு மிஞ்சும், அந்தச் செய்தி போய்விடும். "இதை இப்படியே வைத்துக்கொள்கிறேன்" என்று உங்கள் மகள் ஒரு கல்லையாவது தள்ளி வைத்திருந்தால், அவளிடம் பாறைகளைப் படிக்கும் புவியமைப்பியலாளருக்கான கண் இருக்கிறது என்று துணிந்து சொல்வேன்.

சரி, பாதுகாப்பு. இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கண்ணுக்கு முழுதாக மூடும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். மர வேலைச் சுத்தியல் கூடாது, அதன் எஃகு சிதறித் தெறிக்கும். கல்லை நனைத்துவிட்டுத் திறந்த வெளியில் தட்டட்டும், என்-95 முகக்கவசமும் போடட்டும். வெங்கச்சாங்கல் தூசியில் சிலிகா இருக்கிறது, தொடர்ந்து மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும். கல்லைத் தீயில் சூடாக்கித் தண்ணீரில் போடும் பழக்கம் வேண்டவே வேண்டாம், படிகமும் சேர்ந்து வெடித்துவிடும். ஒட்டியிருக்கும் மண்ணுக்குச் சில நாள் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கியால் தேய்த்தாலே போதும். மேலே சுண்ணாம்புப் பொருக்கு இருந்தால் வினிகரில் போடலாம், மெல்லக் கரையும். அதைவிடக் கடுமையான அமிலத்தை வேதியியல் ஆசிரியர் முன்னிலையில் பள்ளி ஆய்வகத்தில் மட்டுமே தொட வேண்டும். அடுத்தவர் காட்டில் கேட்காமல் எடுக்கக் கூடாது என்பதையும் சொல்லி வையுங்கள். திருவக்கரை கல்மரப் பூங்கா போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் ஒரு துணுக்குகூட எடுக்கக் கூடாது.

அப்புறம் படிப்பு. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதத்தை விட்டுவிட வேண்டாம். சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சி நேஷனல் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி ஆகியவற்றில் பி.எஸ்சி. புவியமைப்பியல் (ஜியாலஜி) இருக்கிறது. அதை முடித்து ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதினால் ஐஐடிகளில் எம்.எஸ்சி. படிக்கலாம். முதுகலைக்குப் பிறகு யுபிஎஸ்சி நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு. 1851-இல் தொடங்கிய இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் அதன் வழியாகத்தான் ஆள் எடுக்கிறார்கள். கல்லைவிட அதன் வடிவமும் ஒழுங்கும்தான் அவளை இழுக்கிறது என்றால் இயற்பியல் பக்கம் போகலாம். அண்ணா பல்கலைக்கழகத்தில் படிக வளர்ச்சி மையம் இருக்கிறது. அங்கே ஆய்வகத்திலேயே படிகத்தை வளர்க்கிறார்கள்.

ரத்தினக்கல் வியாபாரத்தில் நிறையப் பணம் வரும் என்று உறவினர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பி இப்போதே அந்தப் பக்கம் திருப்ப வேண்டாம். ரத்தினவியல் சான்றிதழ் படிப்பைப் பட்டம் வாங்கிய பிறகும் படிக்கலாம். ஆனால் 17 வயதில் விட்ட அடிப்படை அறிவியலைப் பிறகு பிடிப்பது கடினம்.

கோடை விடுமுறையில் அப்பாவையும் சேர்த்து சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் புவியமைப்பியல் பகுதிக்கு ஒரு நாள் போய் வாருங்கள். அங்கே ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்தில் இருக்கும் சீட்டை மகளுக்குக் காட்டுங்கள். அவளும் இன்றிலிருந்து எந்தக் காடு, எந்தத் தேதி, எந்தப் பாறை என்று ஒவ்வொரு கல்லோடும் எழுதி வைக்கட்டும். என்னைப் பார்க்க வரும்போது அந்த நோட்டையும், உடைக்காமல் வைத்திருக்கும் கல் ஒன்றையும் கொண்டு வரச் சொல்லுங்கள்.