பால் பைத்தான் மெலிகிறது: வயல் எலி கொடுக்கலாமா?

கேள்வி: என் மகன் பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்பு வளர்க்கிறான். பாம்புக்கு ஒன்றரை வயது. மூன்று மாதத்துக்கு முன் 450 கிராம் இருந்தது, இப்போது 380. முதுகெலும்பு துருத்துகிறது. ஏசி அறையில் கண்ணாடித் தொட்டியில் இருக்கிறது. வயலில் பொறி வைத்தால் எலி நிறைய விழுகிறது. வாரம் இரண்டு பெரிய எலி போட்டால் தேறிவிடுமா?

பதில்: வயல் எலி வேண்டவே வேண்டாம் ஐயா. புரோமோடியோலோன் என்ற எலி மருந்தைத் தின்ற எலி உடனே சாகாது, சில நாள் நன்றாகவே ஓடித் திரியும். நீங்கள் மருந்து வைக்காவிட்டாலும் பக்கத்து வரப்பில் வைத்திருப்பார்கள். குடற்புழு, உண்ணி வேறு. உயிரோடு விட்டால் பாம்பையே கடித்துப் புண்ணாக்கிவிடும்.

ஆனால் எனக்கு உறுத்துவது அந்த ஏசிதான். இது ஆப்பிரிக்காவின் வெப்பப் பகுதியில் வாழும் பாம்பு. வெளிச்சூடு இருந்தால்தான் இதற்கு இரை செரிக்கும். குளிர்ந்த அறையில் பசி எடுக்காது, தின்றாலும் கக்கிவிடும். தொட்டியின் ஒரு ஓரம் 31–32 டிகிரி, மறு ஓரம் 26 டிகிரி இருக்கட்டும். சூடு தரும் ஹீட் மேட் வைத்தால் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கட்டாயம், இல்லையென்றால் வயிறு வெந்துவிடும். இரண்டு ஓரத்திலும் உடம்பு ஒடுங்கிப் படுக்கிற அளவுக்கு மறைவிடம், ஈரப்பதம் 60 சதவீதம், எப்போதும் நல்ல தண்ணீர். இதையெல்லாம் செய்துவிட்டு ஒரு வாரம் தொடாமல் விடுங்கள்.

அப்புறம் தீனி. மெலிந்திருக்கிறதே என்று அள்ளிக் கொடுக்கக் கூடாது. நாள்பட்டுப் பட்டினி கிடந்த உடம்பில் பெரிய இரை விழுந்தால் ரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சட்டென்று இறங்கும், உயிரே போகலாம். 20 கிராம் சுண்டெலி ஒன்று, வாரம் ஒரு முறை. மூன்று நான்கு முறை கக்காமல் செரித்தால் 30 கிராம், பிறகு 40. பண்ணையில் வளர்த்து உறைய வைத்த எலியாக வாங்குங்கள். முழுக்க இளகவிட்டு, வெந்நீரில் வைத்துச் சூடேற்றி, இடுக்கியால் நீட்டுங்கள். தின்றபின் இரண்டு நாள் கையில் எடுக்க வேண்டாம். கக்கினால் இரண்டு வாரம் தண்ணீர் மட்டும், பிறகு பாதி அளவு இரை.

பாலும் முட்டையும் வேண்டாம். புற்றுக்கு ஊற்றுவது வேறு கதை. வெறும் கோழிக்கறித் துண்டிலும் எலும்பு இல்லை, சுண்ணாம்புச் சத்து கிடைக்காது.

வாரம் ஒரு நாள், தீனிக்கு முன், சமையலறைத் தராசில் எடை போட்டு எழுதி வையுங்கள். பால் பைத்தான் மாதக்கணக்கில் தின்னாமல் கிடப்பது உண்டுதான், ஆனால் அப்போது எடை பெரிதாகக் குறையாது. உங்களுடையது 15 சதவீதம் இழந்திருக்கிறது. அதனால் புது எச்சம் கிடைத்ததும் கால்நடை மருத்துவரிடம் கொடுத்துப் புழுப் பரிசோதனை செய்துவிடுங்கள். வாயில் சளி, மூச்சில் சீழ்க்கைச் சத்தம் இருந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். வாயைத் திறந்து இரையைத் திணிக்கும் வேலையை நீங்களாகச் செய்யாதீர்கள்.

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பாம்பைப் பதிவு செய்திருக்கிறீர்களா? 2024 விதிகளின்படி இந்த இனத்துக்கு அது கட்டாயம். ஒருவேளை அது நம் நாட்டு மலைப்பாம்பு என்றால் வீட்டில் வைத்திருப்பதே குற்றம், வனத்துறைக்குச் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள்.