பழைய இங்கிலாந்தின் பொய் வழக்குகள்

கேள்வி: சொத்து வழக்கில் கோர்ட் நடைமுறையை வளைப்பது நம் ஊர் வியாதி, வெள்ளைக்காரன் தன் நாட்டில் சட்டத்தை நேர்மையாக நடத்தினான் என்கிறார் என் நண்பர். சரியா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: சரியில்லை. அந்த நேர்மை எந்த நூற்றாண்டில் இருந்தது என்று நண்பரைக் கேளுங்கள். இங்கிலாந்தில் 300 வருஷத்துக்கு மேல், நீதிபதிகளுக்குத் தெரிந்தே, பொய் வழக்குப் போட்டு நிலத்தைக் கைமாற்றினார்கள்.

‘உனக்கும் உன் வயிற்றுப் பிள்ளைகளுக்கும்’ என்று எழுதிக் கொடுத்த நிலம் வாரிசுக்குத்தான் போக வேண்டும், விற்கக்கூடாது என்று 1285இல் ஒரு சட்டம் வந்தது. விற்க நினைத்தவர் என்ன செய்தார்? வாங்கப்போகிறவரையே தன் மேல் வழக்குப் போடச் சொன்னார். வழக்கு வந்ததும் விற்பவர், “இந்த நிலத்தை எனக்குக் கொடுத்தவர் இன்னார், வில்லங்கம் வந்தால் தான் பொறுப்பு என்று சொன்னவரும் அவரே, கூப்பிடுங்கள்” என்பார். அந்த இன்னார் வந்து, ஆமாம் என்று ஒப்புக்கொள்வார். வழக்குப் போட்டவரோடு தனியாகப் பேச அனுமதி வாங்கிக்கொண்டு இருவருமாக வெளியே போவார்கள். வழக்குப் போட்டவர் மட்டும் திரும்பி வருவார். உடனே தீர்ப்பு: நிலம் வழக்குப் போட்டவருக்கு. காணாமல் போனவர் அதே மதிப்புள்ள நிலத்தை ஈடாகத் தர வேண்டும், வாரிசுகளுக்கு அந்த ஈடு.

காணாமல் போனவர் யார் தெரியுமா? கோர்ட்டில் பெயர் சொல்லிக் கூப்பிடும் சிப்பந்தி. ஈடு கொடுக்க அவரிடம் கையகல நிலம் கிடையாது. அடுத்த வழக்கிலும் அவரையேதான் கூப்பிடுவார்கள். பிறக்காத பிள்ளையின் உரிமை, அந்தப் பிள்ளைக்காகப் பேச ஒருவரும் இல்லாமலே, காகிதத்தில் மட்டும் இருக்கிற ஒரு ஈட்டுக்காகப் பறிபோனது. இந்த முறைக்கு முன்னுதாரணமாக 1472இல் நடந்த டால்டாரம் வழக்கைச் சொல்வார்கள்.

நிலத்தைக் கட்டிப்போட்ட அந்தச் சட்டமும் நல்ல சட்டமில்லை. அதனால் கடன் கொடுத்தவர்கள் ஏமாந்தார்கள், குத்தகைக்காரர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அப்படியென்றால் நாடாளுமன்றத்தில் நேராக மாற்றியிருக்க வேண்டும். நீதிபதியின் கண்ணெதிரே பொய் சொல்லி மாற்றியதை நான் ஏற்கமாட்டேன்.

அப்புறம், ஜான் டோ. நம் சினிமாக்காரர்கள் திருட்டுப் பிரதிக்கு எதிராக, ஆள் தெரியாதவர்கள் மேல் வாங்கும் உத்தரவுக்கு இவர் பெயர்தான் (அசோக் குமார் உத்தரவு என்றும் சொல்வார்கள்). இங்கிலாந்தில் குத்தகைக்காரனை விரட்டினால் வழக்கு சீக்கிரம் முடியும், நிலச் சொந்தக்காரனின் வழக்கு முடியவே முடியாது. அதனால் சொந்தக்காரர், ஜான் டோ என்ற இல்லாத ஆளுக்குக் குத்தகை விட்டதாகவும், ரிச்சர்ட் ரோ என்ற இன்னொரு இல்லாத ஆள் அவனை அடித்து விரட்டியதாகவும் வழக்குப் போடுவார். நிலத்தில் உண்மையில் இருப்பவருக்கு ரோவின் பெயரில் ஒரு கடிதம் போகும்: எனக்கு இந்த நிலத்தில் உரிமை இல்லை, நீ வந்து வழக்காடாவிட்டால் உன்னை வெளியேற்றிவிடுவார்கள். கீழே, ‘உன் அன்பு நண்பன்’. பதறிக்கொண்டு ஓடினால், குத்தகை விட்டது, டோ குடியேறியது, விரட்டப்பட்டது, நடக்காத இந்த மூன்றையும் ஒப்புக்கொண்டால்தான் வழக்காட அனுமதி!

இதிலும் கொடுமை ஒன்று உண்டு. நம் சிவில் நடைமுறைச் சட்டப்படி, தீர்ந்த வழக்கை அதே ஆட்கள் திரும்பப் போட முடியாது. அங்கே தோற்றவர் புதிதாக ஒரு குத்தகையைக் கற்பனை செய்துகொண்டு மறுபடி வருவார். பாத் பிரபு ஒரே நிலத்துக்காக ஐந்து முறை ஜெயித்தும் நிம்மதி கிடைக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரபுக்கள் சபை (அன்றைக்கு அதுதான் அங்கே கடைசி அப்பீல் கோர்ட்) வரை போய்த்தான் நிரந்தரத் தடை வாங்கினார். பிரபுவுக்குப் பணம் இருந்தது. அரை ஏக்கர்காரர் இரண்டாவது வழக்கிலேயே நிலத்தை விட்டிருப்பார்.

மதராஸில் 1801இல் சுப்ரீம் கோர்ட் திறந்தபோதும் இங்கிலாந்தில் இந்த இரண்டு வித்தைகளும் நடந்துகொண்டுதான் இருந்தன. சிப்பந்தியைக் கூப்பிடும் வழக்கு 1833இல்தான் ஒழிந்தது. அதன் பிறகு அதே காரியத்தை ஒரு பத்திரம் எழுதிப் பதிவுசெய்து முடித்தார்கள். டோவும் ரோவும் 1852 வரை இருந்தார்கள்.