வெளிநாட்டு பயருக்கு மெயில் எழுதும்போது தமிழ் எங்கே குறுக்கே வருகிறது?

கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரி ஆபீஸில் வேலை பார்க்கும் வாசகி கேட்டிருக்கிறார்: "தமிழ் வழியில் படித்தவள் நான். டீ வாங்கும் வெளிநாட்டு பயர்களுக்கு மெயில் போடும் வேலையை இப்போது என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். 'நல்ல பெரிய இங்கிலீஷா எழுதும்மா' என்கிறார் முதலாளி. கிராமரை முதலிலிருந்து படிக்க நேரமில்லை, எங்கே ஆரம்பிப்பது?"

முதலிலிருந்து படிக்கவே வேண்டாம். உங்கள் மெயிலைப் பார்த்தேன், ஆங்கிலம் தெரியாததால் வந்த தப்பு அதில் ரொம்பக் குறைவு. தமிழில் சரியாக இருக்கும் ஒன்றை அப்படியே ஆங்கிலத்தில் இறக்கிவைக்கும் சில இடங்களில்தான் சறுக்குகிறது, அந்த இடங்களை மட்டும் அடையாளம் தெரிந்துகொண்டால் முக்கால்வாசி சரியாகிவிடும். நீங்கள் அனுப்பிய மெயிலையே எடுத்துக்கொள்வோம்:

"டியர் சார், வி ஹேவ் டிஸ்பேட்ச்ட் த சாம்பிள்ஸ் ஆன் மண்டே. வி ஆர் ஹேவிங் 40 பேக்ஸ் இன் ஸ்டாக். கைண்ட்லி டேஸ்ட் த சேம் அண்ட் ரிவர்ட் பேக் அட் தி எர்லியஸ்ட். கைண்ட்லி இன்டிமேட் வென் வில் யூ பிளேஸ் தி ஆர்டர்."

முதல் வரி. "திங்கட்கிழமை அனுப்பியிருக்கிறோம்" என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம், அதனால்தான் கை தானாக 'ஹேவ் டிஸ்பேட்ச்ட்' என்று போகிறது. ஆங்கிலம் இதை ஒத்துக்கொள்ளாது. முடிந்துபோன ஒரு நாளையோ நேரத்தையோ (எஸ்டர்டே, ஆன் மண்டே, லாஸ்ட் வீக்) சொல்லிவிட்டால் 'ஹேவ்' போடக் கூடாது, "வி டிஸ்பேட்ச்ட் த சாம்பிள்ஸ் ஆன் மண்டே", அவ்வளவுதான். நாளைச் சொல்லாமல், அனுப்பியாகிவிட்டது என்ற செய்தி மட்டும் போனால் போதும் என்றால் 'வி ஹேவ் டிஸ்பேட்ச்ட் த சாம்பிள்ஸ்' மிகச் சரி. ஆபீஸ் மெயில்களில் நான் அதிகம் பார்க்கும் தப்பு இதுதான், நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர்கள்கூட எழுதும்போது இதில் விழுகிறார்கள்.

'வி ஆர் ஹேவிங் 40 பேக்ஸ்' வேண்டாம். கையில் இருப்பதைச் சொல்லும்போது 'வி ஹேவ்' மட்டும். 'லஞ்ச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்' என்பதற்குத்தான் 'வி ஆர் ஹேவிங் லஞ்ச்'.

அடுத்தது 'த சேம்'. எதை டேஸ்ட் பண்ணச் சொல்கிறீர்கள், சாம்பிளையா, ஸ்டாக்கில் இருக்கும் 40 மூட்டையையா? உங்களுக்குத் தெரியும், பயர் யோசிக்க வேண்டியிருக்கிறது. பழைய ஆபீஸ் கடிதங்களிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த வழக்கம் இது, பொருளின் பெயரையே இன்னொரு தடவை எழுதிவிடுங்கள்.

'ரிவர்ட் பேக்' இன்னும் சிக்கலானது. நம்மூரில் ரிவர்ட் என்றால் பதில் போடுவது, குன்னூர் டீ புரோக்கருக்கு அப்படி எழுதினால் ஒரு குழப்பமும் இல்லை. வெளிநாட்டில் பெரும்பாலோருக்கு அது பழைய நிலைக்குத் திரும்புவது. விலை பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் 'ப்ளீஸ் ரிவர்ட் ஆன் த பிரைஸ்' என்று போனால், பழைய விலைக்கே திரும்பச் சொல்கிறீர்களோ என்று ஒருவர் நினைக்க இடமிருக்கிறது. 'ரிப்ளை' என்றோ 'லெட் அஸ் நோ' என்றோ எழுதுங்கள். 'பிரீபோன்', 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்', 'டூ த நீட்ஃபுல்' எல்லாம் இதே வகைதான், உள்ளூரில் ஓடும், கடல் தாண்டினால் திணறும்.

கடைசி வரியில் இரண்டு விஷயம். 'வென் வில் யூ' நேரடிக் கேள்விக்கு உரிய வரிசை. கேள்வியை இன்னொரு வாக்கியத்துக்குள் வைத்தால் 'வென் யூ வில்' என்று மாறும். தமிழில் 'எப்போது அனுப்புவீர்கள்?' என்பதும் 'எப்போது அனுப்புவீர்கள் என்று சொல்லுங்கள்' என்பதும் வரிசை மாறாமல் நிற்பதால் இது நம் காதில் உறுத்துவதே இல்லை. அப்புறம் 'தி ஆர்டர்' என்றால் ஏற்கெனவே பேசி முடித்த ஆர்டர். இங்கே இன்னும் ஆர்டரே வரவில்லை, ஆகவே 'அன் ஆர்டர்'.

இந்த 'த' விஷயத்துக்கு நம் மலையிலேயே உதாரணம் இருக்கிறது. மாவட்டத்தின் ஆங்கிலப் பெயர் 'த நீல்கிரிஸ்'. மலைத்தொடர் பெயர் பன்மையில் வந்தால் முன்னால் 'த' வரும். தொட்டபெட்டா தனிச் சிகரம், அதற்கு வராது. ஊட்டி, கோத்தகிரி போன்ற ஊர்ப் பெயர்களுக்கும் வராது. 'நீல்கிரி டீ' என்று பொதுவாகச் சொல்லும்போதும் வேண்டாம்.

சின்னச் சின்னவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 'டிஸ்கஸ் அபவுட்', 'மென்ஷன் அபவுட்' இரண்டிலும் 'அபவுட்' வேண்டாம், நம் 'பற்றி' உள்ளே நுழைந்துவிடுகிறது. 'லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர்' இல்லை, 'டு ஹியரிங்'. 'ஒன் ஆஃப் அவர் பயர்ஸ்', அந்தக் கடைசி ஸ் முக்கியம். 'இன்ஃபர்மேஷன்', 'எக்விப்மென்ட்' இரண்டுக்கும் பன்மை ஸ் கிடையாது. ஆனால் 'டீஸ்' என்று உங்கள் சீனியர்கள் எழுதுவதைத் திருத்தப் போய்விடாதீர்கள்: தேயிலை வகைகளைக் குறிக்க இந்தத் தொழிலில் 'ஆர்த்தடாக்ஸ் டீஸ்' (இலையை முறுக்கிப் பழைய முறையில் தயாரிக்கும் டீ வகைகள்) என்பது சரியான வழக்கு.

கிராமரைவிடப் பணத்தில் கை வைப்பது எண்ணும் தேதியும்தான். 2,50,000 என்று நாம் காற்புள்ளி வைப்பது அவர்களுக்குப் பழக்கமில்லை, 250,000 என்று எழுதுங்கள், 'லேக்' (லட்சம்) என்ற சொல்லையே விட்டுவிடுங்கள். 05/06 என்பது நமக்கு ஜூன் 5, அமெரிக்காக்காரருக்கு மே 6. மாதத்தை எப்போதும் எழுத்தில் போடுங்கள். மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து லோடு நின்றுவிட்டால், 'ஷார்ட்லி', 'அட் தி எர்லியஸ்ட்' என்று மழுப்பாமல் எந்தத் தேதிக்குள் கிளம்பும் என்று எழுதுங்கள். பயர் தன் பக்கம் எல்லாவற்றையும் அந்தத் தேதியை வைத்துத்தான் திட்டமிடுவார்.

இப்போது உங்கள் மெயில் இப்படி ஆகிறது:

"வி டிஸ்பேட்ச்ட் த சாம்பிள்ஸ் ஆன் மண்டே, 2 ஜூன். வி ஹேவ் 40 பேக்ஸ் இன் ஸ்டாக். ப்ளீஸ் டேஸ்ட் த சாம்பிள்ஸ் அண்ட் லெட் அஸ் நோ வாட் யூ திங்க் பை 16 ஜூன். குட் யூ ஆல்சோ டெல் அஸ் வென் யூ வில் பிளேஸ் அன் ஆர்டர்?"

'டியர் சார்' இடத்தில் அவருடைய பெயரைப் போடுங்கள். வாங்குபவர் பெண்ணாக இருந்து 'சார்' என்று போனால் நன்றாக இருக்காது.

'கைண்ட்லி'யை எடுத்துவிட்டால் மரியாதை குறைந்துவிடுமோ என்று பயப்படாதீர்கள். 'அனுப்புங்கள்' என்பதில் நாம் 'ங்கள்' சேர்த்து மரியாதை காட்டுகிறோம், ஆங்கிலத்தில் அந்த வேலையை 'குட் யூ' என்று கேள்வியாகக் கேட்பது செய்துவிடுகிறது. 'யூ ஆர் ரிக்வெஸ்டட் டு' என்று எழுதினால்தான் அரசாங்க நோட்டீஸ் மாதிரி விறைப்பாகத் தெரியும். முதலாளியிடம் வாதாடாமல், இரண்டு மெயிலையும் பிரிண்ட் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதைப் படித்தால் பயருக்குச் சந்தேகம் வராது என்று அவரையே கேளுங்கள். டீயை விற்கத் தெரிந்தவருக்கு அது உடனே புரியும்.