புரொஜெக்டருக்கு ஸ்கிரீன் வாங்கியே ஆகணுமா, இல்ல செவுத்துக்கு வெள்ளை பெயிண்ட் அடிச்சாப் போதுமா? வாங்கறதுன்னா எது நல்லது?

எனக்குத் தெரிஞ்சதச் சொல்றனுங்க, நான் கடைக்காரன் இல்ல, பல்லடம் பக்கம் வீடு, இதுல ஒருக்கா காசு விட்டவன்.

மொதல்ல எந்த ஸ்கிரீனும் வாங்காதீங்க. ஒரு பத்துப் பாஞ்சு நாளு வெறும் செவுத்துலயே போட்டுப் பாருங்க. எவ்வளவு பெருசு கண்ணுக்குத் தோதா இருக்குது, எங்க உக்காந்தா கழுத்து வலிக்கல, எந்த ஜன்னல்ல இருந்து வெளிச்சம் வருதுங்கறதெல்லாம் அப்பத்தான் தெரியும். டிவியாட்டம் 16:9-ல (அகலம் 16 பங்குன்னா ஒசரம் 9 பங்கு) மூலைக்கு மூலை 100 இஞ்ச்சுன்னா அகலம் 87 இஞ்ச், ஒசரம் 49 இஞ்ச், அதுக்கு 10, 11 அடி தள்ளி உக்காந்தாச் சரியா இருக்கும். எல்லாரும் 120-க்குத்தான் ஆசைப்படுவாங்க, நானும் பட்டேன். ஆனா 100-ன்னா கிட்டத்தட்ட 30 சதுர அடி, 120-ன்னா 43 சதுர அடி, இருக்கற அதே வெளிச்சத்தத்தான் அம்புட்டுக்கும் பரப்பணும். படம் மங்குச்சுன்னா புரொஜெக்டரைத் திட்டிப் பிரயோசனம் இல்லீங்க.

செவுத்துலயே விட்டறலாமான்னா, பட்டி பாத்து நல்லா மட்டமா தேச்சு, மினுமினுப்பு இல்லாத மேட் பெயிண்ட் அடிச்சாத் தாராளமா ஓட்டலாம். எங்கூட்டுச் செவுத்துல ரோலர் ஓட்டுன தடம் இருந்துச்சு, சாதாரணமாப் பாத்தாத் தெரியாது, படத்துல வெளிச்சமான வானம் வந்தா அப்படியே புள்ளி புள்ளியாத் தெரியும், ஒருக்கா கண்ணுல பட்டுட்டா அப்பறம் அதைத்தான் பாத்துட்டு இருப்போம்.

அதுக்குத்தான் ஆன்லைன்ல வெலை கம்மியா ஒரு 120 இஞ்ச் இழுத்து உடற ஸ்கிரீன் வாங்கினனுங்க. மூணு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு. பொறவு ரெண்டு ஓரமும் உள்ள சுருண்டு நடுவுல அலை உழுந்துருச்சு. படம் அசையாம நிக்கறப்ப தெரியல, கிரிக்கெட்டுல கேமரா பந்து கூடயே ஓடுது பாருங்க, அப்ப பவுண்டரி கோடு பாம்பாட்டம் நெளியுது. திருப்பிக் குடுக்கலாம்னா நாள் தாண்டிப் போச்சுன்னுட்டாங்க. சுருட்டற ஸ்கிரீன்தான் வேணும், ஹால்ல வேற வழியில்லைன்னா ரெண்டு பக்கமும் கயிறு கட்டி இழுத்துப் புடிக்கற டேப் டென்ஷன் மாடல் பாருங்க, வெலை எச்சு. நெரந்தரமா மாட்டி வெக்க எடம் இருந்தா சட்டத்துல இழுத்துக் கட்டுன, சுருட்டாத ஃபிக்ஸட் ஃபிரேம்தான், ரோசனையே வேண்டாம்.

நான் அதையும் கடைசீல வாங்கல. ஆசாரிகிட்டச் சொல்லி ரீப்பர் கட்டையில 100 இஞ்ச்சுக்கு ஃபிரேம் அடிச்சு, பிளாக்அவுட் துணி வாங்கிட்டு வந்தேன். பின்னால போன் டார்ச் அடிச்சுப் பாத்து வெளிச்சம் இந்தப் பக்கம் வராத துணியா எடுக்கணும், வேட்டிக்கு நீலம் போட்டாப்ல நீலச்சாயல் அடிச்சா வேண்டாம். நான் ஒரு மூலையில ஆரம்பிச்சு ஸ்டேப்ளர் அடிச்சுட்டே வந்தேன், எதிர் மூலைக்கு வர்றப்ப ஒரே சுருக்கம். சோமனூர்ல தறி ஓட்டுன எங்க மாமா பாத்துட்டு, "ஏனுங்க மாப்ள, பாவு எங்காச்சும் ஒரு பக்கம் மட்டும் இழுத்தா நிக்குமா?"ன்னு அத்தனை பின்னையும் புடுங்கச் சொன்னாரு. நாலு பக்கமும் நட்டநடுவுல ஒண்ணொண்ணு அடிச்சு, எதிரும் புதிருமா இழுத்துட்டே மூலைக்குப் போனோம். அவரு சுண்டிப் பாத்தா தம்பட்டமாட்டம் சத்தம் வந்துச்சு. நடுவுல குடுக்கற குறுக்குக் கட்டை மட்டும் துணிய ஒரசக் கூடாதுங்க, ஒரசுச்சுன்னா கோடு தெரியும். சுத்தியும் ஈரோடு கனி மார்க்கெட்ல எடுத்த கருப்பு வெல்வெட்டை மூணு இஞ்ச்சுக்கு ஒட்டினேன், ஓரத்துல வழியற வெளிச்சத்த அது முழுங்கிரும், படமும் எடுப்பா இருக்கும்.

கெயின்னா ஸ்கிரீன் வெளிச்சத்த நம்ம பக்கம் எவ்வளவு திருப்பி அடிக்குதுங்கற அளவுங்க, கெயின் 1.0 மேட் வெள்ளை நெம்பப் பேருக்குப் போதும். கெயின் ஏத்துனா நடுவுல உக்காந்தவனுக்குப் பளிச்சுனு இருக்கும், ஒறம்பரை வந்து ஓரத்துல பாய் போட்டு உக்காந்தா அவங்களுக்கு மங்கல்தான். செவுரு, சீலிங் எல்லாம் வெள்ளையா இருக்கற ஹாலுக்கு கிரே ஸ்கிரீன் கருப்பக் கருப்பாக் காட்டும், ஆனா புரொஜெக்டர்ல கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருக்கோணும். அத வாங்கறதுக்கு முன்னால ஸ்கிரீன்கிட்ட இருக்கற சீலிங்குக்கும் பக்கத்துச் செவுத்துக்கும் அடர் கலர் அடிச்சுப் பாருங்க.

செவுத்தொட்டி வெக்கற அல்ட்ரா ஷார்ட் த்ரோ புரொஜெக்டர்னா கதையே வேறைங்க. கீழிருந்து சாய்வா வர்ற வெளிச்சத்த நம்ம பக்கம் திருப்பி, மேல இருந்து வர்ற லைட்ட முழுங்கற மாதிரி ரம்பப் பல்லாட்டம் வரி வெச்ச ஏஎல்ஆர் (ரூம் வெளிச்சத்த ஒதுக்கற) ஸ்கிரீன் இருக்குது, அதுதான் அதுக்கு. வெலை கம்மியாக் கெடைக்குதுன்னு அத வாங்கி சீலிங்ல தொங்கற சாதாரண புரொஜெக்டருக்கு மாட்டிறாதீங்க, இருட்டடிச்சுரும்.

இப்ப ரெண்டு வருசம் ஆச்சு, துணி இன்னும் தொய்யல. மாமா வந்தா மொதல்ல படத்தப் பாக்கறதில்லைங்க, போயி ஒரு சுண்டு சுண்டிட்டுத்தான் உக்காருவாரு, கைரேகை படும்னு சொன்னாக் கேக்க மாட்டேங்கறாரு.